மினெகிஷி டீச்சர் நின்ற இடம்

ஜூன் 12. இன்றைய பார்வைக் குறிப்பில் ஒரு சிறு பிழை செய்துவிட்டேன். வகுப்பறை வரைபடத்தில் மாணவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களையெல்லாம் குறித்தேன். ஆசிரியர் நின்ற இடத்தைக் குறிக்கவில்லை. என் கவனக்குறைவு. இனி இப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாடங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கும் இளம் ஆசிரியன் குசாகா இதைப் பிழை என்று எழுதிவைத்தானே தவிர, குறிப்பதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை. அன்று மாலை இரண்டாம் பாடவேளையில், பலகையில் ஒரு கேள்வியை எழுதி, சாக்பீஸைத் தட்டில் வைத்துவிட்டு, மாணவர்கள் பக்கம் திரும்பி நின்ற கணக்கு ஆசிரியை மினெகிஷி தொமோயோ, சிறிது நேரத்தில் அறையில் இல்லாமல் போனார். கதவைத் திறந்துகொண்டு போகவில்லை. புகையாகவோ வெளிச்சமாகவோ மாறவில்லை. சுவர்க் கடிகாரத்தின் ஓசை எந்த நொடியில் காதில் விழாமல் போகிறது என்று யாராலும் சொல்ல முடியாதல்லவா, அதைப் போல அவர் எப்போது கண்ணில் படாமல் போனார் என்று அறையின் பின்சுவரை ஒட்டி நின்ற ஆசிரியர்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பாடவேளை முடிந்து மணி அடித்ததும் மேடையில் நின்றிருந்தார். உள்ளங்கைத் தூசியைத் தட்டிக்கொண்டே, "இன்னைக்கு இவ்ளோதான். மழை பெய்யுது, பார்த்துப் போங்க" என்றார்.

துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதையின் முதுகுப்புறத்தில் இருந்தது அந்தப் பள்ளி. பகலில் பிள்ளைகள் படித்தார்கள். விளக்குப் போடும் நேரத்துக்கு அதே நாற்காலிகளில் பெரியவர்கள் வந்து முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் வாய்க்காதவர்கள். கொரியத் தெருவில் கிம்ச்சி ஊறுகாய்க் கடை வைத்திருந்த பெக் சுன்-ஜா, பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடிப்போய் லாரியில் ஏறிய சுகேனோ, நேபாளத்திலிருந்து வந்து ரயில் நிலையத்துக்கு எதிரே ஓர் உணவகத்தில் ரொட்டி சுடும் தில் பகதூர், இன்னும் சிலர். மினெகிஷி அவர்களுக்கு ஏழு வருடங்கள் எல்லா ஆசிரியர்களையும் போலத்தான் கற்பித்தார்: விளக்கிச் சொன்னார், எழுதிக்காட்டினார், பயிற்சி கொடுத்தார். ஒரு மார்ச் மாதம் பெக் அம்மா அவரிடம் சொன்னார்: "டீச்சர், நீங்க சொல்றப்போ எல்லாம் நல்லாப் புரியுது. வீட்டுக்குப் போற வழியில ஆத்துப் பாலம் வருதில்ல, அங்கயே எல்லாம் கொட்டிப்போயிடுது." அந்த ஏப்ரலில் இருந்து மினெகிஷி சொல்வதை நிறுத்திவிட்டார். ஒரு கேள்வியை எழுதுவார். பிறகு வாயைத் திறக்க மாட்டார். யார் என்ன விடை சொன்னாலும் அவர்களையே பலகையில் எழுதச் சொல்லிக் கைகாட்டுவார். தவறான விடையை அழிக்க மாட்டார். பாடத்தின் முடிவில் பலகை முழுவதும் தவறுகளாக இருக்கும், ஓரத்தில் எங்கோ ஒரு சரி இருக்கும்.

ஜூன் மாதத்துக் கேள்வி இது: இரண்டை அரையால் வகுத்தால் எவ்வளவு? ஏன்?

"பங்கு போட்டா கொறையத்தான் செய்யும்" என்றார் சுகேனோ. "எங்கப்பா வீட்டை அண்ணனும் நானும் பங்கு போட்டோம். எனக்கு வந்தது சைக்கிள் நிறுத்துற கொட்டகை. ஒண்ணுன்னு எழுது."

"கொட்டகை வந்ததுக்குக் கணக்கு காரணம் இல்லப்பா, உங்கண்ணி காரணம்" என்றார் பெக் அம்மா.

தில் பகதூர் எழுந்து போய்ப் பலகையில் இரண்டு வட்டம் போட்டான். "அக்கா, ரெண்டு ரொட்டி. தட்டுக்குப் பாதி வைக்கிறேன். எத்தனை தட்டு வேணும்?"

"நாலு."

"அப்ப நாலு."

"வகுத்தா எப்படிடா கூடும்? கடையில இப்படி ஒரு கணக்குச் சொன்னா மறுநாள் போலீஸ் வந்து நிக்கும்!" என்றார் பெக் அம்மா.

அந்த இடத்தில்தான் மூவரும் ஒரே சமயத்தில் மேடையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே யாரும் இல்லை. பிறகு, மழை வருகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி வேலையில் குனிபவர்களைப் போல, ஒருவரை ஒருவர் பார்த்துச் சண்டையைத் தொடர்ந்தார்கள். மணி அடிப்பதற்குள் சுகேனோவே எழுந்து, அரை என்பது பங்கு கேட்பவர்களின் எண்ணிக்கை அல்ல, ஒரு தட்டுக்கான அளவு என்று எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தார்.

மாதம் ஒருமுறை ஓர் ஆசிரியர் பாடம் நடத்த, மற்ற ஆசிரியர்கள் எல்லோரும் பின்னால் நின்று பார்ப்பது அந்தப் பள்ளியின் நெடுநாள் வழக்கம். நிற்பவர்கள் பேசக் கூடாது, மாணவர்களுக்கு உதவக் கூடாது, சிரிக்கவும் கூடாது. பாடம் முடிந்த பிறகு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்வார்கள். பாடம் நடத்தியவர் முதலில் தன் குறைகளைத் தானே சொல்லிக்கொள்வார். மற்றவர்கள் நல்லதை நீல ஒட்டுத்தாளிலும் யோசிக்க வேண்டியதை இளஞ்சிவப்பு ஒட்டுத்தாளிலும் எழுதி ஒரு பெரிய தாளில் ஒட்டுவார்கள். அன்று மினெகிஷி எழுந்து குனிந்து வணங்கி, கேள்வியின் வாசகம் நீண்டுவிட்டது, மன்னிக்க வேண்டும் என்றார். ஆங்கில ஆசிரியை ஹிதாகா, வட்டங்களை வரைய மஞ்சள் சாக்பீஸ் கொடுத்திருக்கலாமோ என்றார். அறிவியல் ஆசிரியர் ஜன்னல் பக்க விளக்கு மங்கலாக இருந்ததைச் சுட்டிக்காட்டினார். ஆய்வுக் குழுவின் தலைவரான ஒகினோ, "பலகை குப்பைத்தொட்டி இல்லை" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். ஒகினோவின் பலகை மாகாணம் முழுவதும் பேர்போனது. ஒரு பாடம் முழுவதும் ஒரே பலகையில், ஒரு வரிகூட அழிக்காமல், அச்சுப் போட்டது மாதிரி எழுதி, கடைசிச் சொல்லைக் கடைசி ஓரத்தில் மணியோடு சேர்த்து முடிப்பவர் அவர். ஆசிரியை காணாமல் போனதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பார்த்ததைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பது அந்தக் கூட்டத்தின் விதி. பார்க்காததைப் பற்றிப் பேச விதி எதுவும் இல்லை. ஓர் இளஞ்சிவப்புத் தாளில் மட்டும் பெயர் போடாமல் யாரோ எழுதியிருந்தார்கள்: ஆசிரியர் நிற்கும் இடம், மேலும் யோசிக்கலாம்.

கோடையிலும் இலையுதிர் காலத்திலும் மினெகிஷி காணாமல் போகும் நேரம் நீண்டுகொண்டே வந்தது. செப்டம்பரில் கேள்வியை எழுதி முடித்ததுமே போய்விடுவார். மணி அடித்தால் வருவார். மாணவர்கள் கணக்கில் வெகுதூரம் போயிருந்தார்கள். தில் பகதூர் உணவகத்தின் மாவுக் கொள்முதலை மாற்றியமைத்தான். சுகேனோ லாரிச் சாலைகளின் சரிவை ஒரு தாளில் வரைந்து முதலாளியிடம் காட்டினார். அதைக் கண்ட மற்ற ஆசிரியர்களும் விடை சொல்லாமல் நிற்க முயன்று பார்த்தார்கள். ஹிதாகாவுக்கு மூன்று நாட்கள் குரல் மட்டும் காணாமல் போயிற்று. வரலாற்று ஆசிரியருக்கு முழங்காலுக்குக் கீழே மங்கலாயிற்று. அவர் பயந்து மறுநாளே பாடப்புத்தகத்துக்குத் திரும்பினார். அறிவியல் ஆசிரியரும் பாதி வகுப்பில் காணாமல் போனார், ஆனால் அவர் பின்படிக்கட்டில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். ஒகினோ முயலவில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

குசாகா வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருடம். பாடங்களைப் பார்த்துக் குறிப்பெடுப்பது அவன் பொறுப்பு. ஒரு வரியை மூன்று முறை சரிபார்ப்பான், நாலாவது முறை மூன்றாவதைச் சந்தேகிப்பான். ஆசிரியர் பேசியது ஒரு பத்தியில், மாணவர்கள் பேசியது இன்னொரு பத்தியில் என்று எழுத வேண்டும். மினெகிஷியின் பாடங்களில் இடது பத்தி முழுக்க வெறுமையாக இருந்தது. அதை வெறுமையாகவே விட்டு அனுப்பினான். நகரத்துக் கல்வி அலுவலகத்தில் அதைப் படித்தவர்கள், ஆசிரியர் இத்தனை குறைவாகப் பேசிய பாடத்தைத் தாங்கள் கண்டதே இல்லை என்றார்கள். நவம்பரில் வெளியூர் ஆசிரியர்களையும் அழைத்து ஒரு திறந்த பாடம் வைப்பதென்று முடிவாயிற்று.

அதற்கு முந்தைய மாலை, ஆசிரியர் அறையில் பக்கத்து மேசையில் இருந்த மினெகிஷி அவனிடம் கேட்டார்: "கூட்டம் ஜாஸ்தியா வருமா, குசாகா?"

"மூணு பஸ் வருதாம் டீச்சர். பயமா இருக்கா?"

"போறதுக்கு என்ன பயம்? திரும்பி வர்றதுக்கு எனக்கு மணி காதுல விழணும். முடிஞ்சதும் கைதட்டிட வேண்டாம்னு வர்றவங்ககிட்ட நீ சொல்லிடுறியா?"

சொல்கிறேன் என்றான். மறுநாள் மூன்று பேருந்துகளில் வந்தவர்களுக்கு உள்ளே போட்டுக்கொள்ளும் செருப்புகள் போதவில்லை. பாதிப் பேர் காலுறையோடு நின்றார்கள். தலை நரைத்தவர்கள், புத்தகம் எழுதியவர்கள், பல்கலைக்கழகத்துக்காரர்கள். அவர்களைப் பார்த்து, கைதட்டாதீர்கள் என்று சொல்வது மரியாதையாக இருக்குமா, யாராவது கைதட்டுவார்கள் என்று நாமே நினைத்துக்கொள்வது அகம்பாவமாகத் தெரியாதா என்று யோசித்துக்கொண்டே குசாகா கதவருகில் நின்றான். யோசித்து முடிப்பதற்குள் பாடம் தொடங்கிவிட்டது. மினெகிஷி போனார். மாணவர்கள் பலகையை நிறைத்தார்கள். பெக் அம்மா கடைசி வரியை எழுதி, "அவ்ளோதான்யா, இதுக்குப் போயா இத்தனை நாள்!" என்று சாக்பீஸைப் போட்டபோது மணி அடித்தது. மூன்று பேருந்துக் கூட்டமும் கைதட்டியது. வெகுநேரம் தட்டினார்கள். ஓய்ந்தபோது மணியும் ஓய்ந்திருந்தது; மேடை காலியாக இருந்தது.

ஆனாலும் கலந்துரையாடல் குறித்த நேரத்துக்குத் தொடங்கியது. துணைத் தலைமையாசிரியர் ஷிமோதா எழுந்து, முதலில் பாடம் நடத்தியவர் தன் கருத்தைச் சொல்வார் என்றார். எல்லோரும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். தக்க நேரம் போனதும் ஷிமோதா, "நன்றி" என்றார். பிறகு சாக்பீஸின் நிறத்தைப் பற்றிப் பேச்சு வந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க மினெகிஷி வரவில்லை. மணிகள் அன்றாடம் அடித்தன. தவறவிட்டது அவருடைய மணி, மற்றவை மற்றவர்களுடையவை போலும். ஆனால் ஒவ்வொரு மாலையும் வகுப்பைத் திறக்கும்போது பலகையில் அவர் கையெழுத்தில் ஒரு கேள்வி இருந்தது. மாற்று ஆசிரியராக குசாகாவை உட்காரவைத்தார்கள். அவன் செய்ய வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை. வெளியே பனி இறங்கிய நாட்களில் மேடைக்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில், யாரும் நிற்காத இடத்தில், முக உயரத்தில் மூச்சின் ஆவி படிந்து படிந்து மறைந்தது. ஜனவரியில் அந்த ஆவி ஒரே இடத்தோடு நிற்கவில்லை. அதற்குச் சற்று மேலே ஒன்று, வெகு தாழ்வாக ஒன்று, சட்டத்தின் மூலையில் இன்னொன்று என்று படிந்தது. மாணவர்கள் அந்தப் பக்கம் ஹீட்டரைத் திருப்பிவைத்தார்கள். பெக் அம்மா ஆசிரியர் மேசையில் தினம் ஓர் ஆரஞ்சு வைத்தார். "எங்க நின்னா என்ன, தொண்டை காயும்ல?" வகுப்பு முடிந்து எடுத்துப் பார்த்தால் பழம் காற்றடைத்த பந்து போல இருக்கும். தோல் கிழிந்திருக்காது. உள்ளே சுளை இருக்காது.

ஆசிரியர் அறை வாசலில் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு மரச்சீட்டு தொங்கும். வந்ததும் கறுப்புப் பக்கமும் போகும்போது சிவப்புப் பக்கமும் தெரியத் திருப்ப வேண்டும். மினெகிஷியின் சீட்டு அன்றாடம் மாலை கறுப்பாகவும் இரவில் சிவப்பாகவும் இருந்தது. அதைத் திருப்பியது ஒகினோ என்பதை குசாகா பிப்ரவரியில்தான் கண்டான். கண்டும் காணாதவன் போல இருந்துவிட்டான்.

அதே மாதம் ஷிமோதா அவனைத் தனியாகக் கூப்பிட்டார். மார்ச்சில் இடமாற்றப் பட்டியல் வரும். அதற்கு முன் ஒவ்வோர் ஆசிரியரும் தலைமையாசிரியர் முன் உட்கார்ந்து, இருக்கிறேனா போகிறேனா என்று வாயால் சொல்ல வேண்டும். "ரெண்டு தடவை தள்ளிப் போட்டுட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஆளை இருக்காங்கன்னு சொல்லிடலாம், குசாகா. பேசினாங்கன்னு சொல்ல முடியாது. வரலைன்னா வேலையை விட்டதாத்தான் எழுதணும். ஏப்ரல்ல அந்த வகுப்புக்கு ஆள் போட்டுடுவாங்க, பாடப்புத்தகத்தோட." சொல்லிவிட்டு, குளிர்கிறது என்று தன் போர்வையை எடுத்து குசாகாவின் மடியில் போட்டார். கைதட்ட வேண்டாம் என்று சொல்லச் சொன்னதைப் பற்றி குசாகா யாரிடமும் மூச்சு விட்டதில்லை. அன்று சொல்ல வாயெடுத்தான். ஷிமோதா அதற்குள் வேறு தாளைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்.

மினெகிஷியை வரவழைக்க ஒரு வழி இருப்பது குசாகாவுக்குத் தெரிந்தே இருந்தது. புத்தாண்டுக்குப் பிறகு ஒருநாள் தில் பகதூர் மட்டும் முன்னதாக வந்து, ஒரு கணக்கோடு மல்லுக்கட்டி, முடியாமல் மேடையைப் பார்த்து, "டீச்சர், சத்தியமா புரியலை" என்று தலையைப் பிடித்துக்கொண்டானாம். பக்கத்தில் யாரோ இருமினார்களாம். சாக்பீஸ் படிந்த ஒரு முழுக்கைச் சட்டையின் விளிம்பு கொஞ்ச நேரம் தெரிந்ததாம். குசாகா இதை வகுப்பில் சொல்லி, எல்லோரும் கேளுங்கள் என்றான். கேட்டார்கள். ஆனால் நிஜமாகவே புரியாத எதையும், கேட்பதற்கு முன்பே, பழக்கதோஷத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி முடித்துவிட்டார்கள். அந்த அளவுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார் மினெகிஷி. கடைசியில் பொய்யாகக் கேட்கத் தொடங்கினார்கள்.

"டீச்சர், ஒண்ணும் ஒண்ணும் எவ்ளோ? எங்கம்மா மேல ஆணை, தெரியலை" என்றார் சுகேனோ.

"உங்கம்மா வந்து அறையப் போறா. டீச்சர் வரலை" என்றார் பெக் அம்மா.

எல்லோரும் போன பிறகு குசாகா மேடை முன் நின்று கேட்டான்: "டீச்சர், நான் சரியாத்தான் செய்றேனா?" கண்ணாடியில் ஆவி படிந்தது, கலைந்தது. வேறொன்றும் இல்லை. அந்தக் கேள்வி உண்மையானதுதான். வீட்டுக்கு நடக்கும்போது அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதற்குள் மினெகிஷியும் இல்லை, வகுப்பும் இல்லை, கணக்கும் இல்லை. அவன் மட்டுமே இருந்தான்.

மார்ச் முதல் வாரத்தில், மாலை வகுப்புக்கு முன், மாடியில் பூட்டிக்கிடக்கும் அறையில் விளக்கு எரிவதைக் கண்டு கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். ஒகினோ பலகையில் ஒரு கேள்வியை எழுதிவிட்டு, காலி நாற்காலிகளைப் பார்த்துக் கைகட்டி நின்றார். நின்றுகொண்டே இருந்தார். உதடு அசைந்தது. கடைசியில் முடியாமல் விடையைத் தானே உரக்கச் சொல்லிவிட்டு, தன் வாயில் தானே ஓர் அடி போட்டுக்கொண்டார். பலகையில் இதற்கு முன்னால் அழிக்கப்பட்ட பல கேள்விகளின் தடம் இருந்தது.

குசாகா கதவைத் தள்ளினான். "சார், நீங்க கேட்டா டீச்சர் வருவாங்க."

ஒகினோ திரும்பவில்லை. "என்ன கேட்டா?"

"இப்ப பண்ணிட்டிருந்தீங்களே, அதை."

"பார்த்தியா?" காது சிவந்தது. "சரி. கேக்கணும்னா வகுப்புல கேக்கணும். அவங்க வகுப்புல நான் நிக்கிறது பின்சுவர்ல. பின்னால நிக்கிறவன் வாயைத் தொறக்கக் கூடாது. அந்த விதியை இந்தப் பள்ளிக்கூடத்துல எழுதினவனே நான்தான், தெரியுமா? போ, போய் ஹீட்டருக்கு எண்ணெய் ஊத்து."

குசாகா போகவில்லை. "நவம்பர்ல கைதட்டாதீங்கன்னு சொல்லச் சொன்னாங்க சார். நான் சொல்லலை. மரியாதைக் குறைவா இருக்குமோன்னு."

ஒகினோ டஸ்டரை எடுத்துப் பலகையை மேலிருந்து கீழாக, ஒரே சீராக அழித்தார். "சீனியருங்க முன்னாடி வாயைத் தொறக்க எவனுக்குத்தான் வந்திருக்கு" என்றார், பலகையைப் பார்த்தே.

வருடத்தின் கடைசிப் பார்வைப் பாடம் தலைமையாசிரியர் குறித்த நாளுக்கு முந்தைய மாலை நடந்தது. அட்டவணையில் மினெகிஷியின் பெயர்தான் இருந்தது. ஆசிரியர்கள் பின்சுவரில் வரிசையாக நின்றார்கள். பலகையில் கேள்வி இருந்தது: வட்டத்துக்கு எத்தனை மூலை?

"மூலையே இல்லை. இருந்தா சக்கரம் எப்படி ஓடும்?" என்றார் சுகேனோ.

பெக் அம்மா போய் ஒரு சதுரம் வரைந்து, அதன் மூலைகளை வெட்டினார். வெட்டிய இடத்தில் வந்த மூலைகளையும் வெட்டினார். முள்ளங்கி சீவும் கை அது. "வெட்ட வெட்ட மூலை கூடிக்கிட்டே போகுது, ஆனா உருண்டையாகுது. இது இல்லாமப் போறதா, நெறைய ஆகுறதா? ஏய் தில், நீ சொல்லு."

தில் பகதூர் சொல்ல வாயெடுத்தபோது, பின்சுவரிலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். ஹிதாகா அவர் கோட்டைப் பிடித்து இழுத்தார். கோட்டின் நுனி கையில் நழுவிற்று. ஒகினோ மேசைகளுக்கு நடுவே நடந்து, மேடைக்கு ஓர் அடி முன்னால் நின்றார். பள்ளியில் அதுவரை யாரும் அப்படிச் செய்ததில்லை. மாணவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"மினெகிஷி டீச்சர்." அவர் குரல் பலகையில் எழுதும் எழுத்தைப் போல இல்லை, கோணலாக இருந்தது. "முப்பத்தஞ்சு வருஷமா சொல்லிக்கொடுக்கிறேன். இவங்க இவ்ளோ கிட்ட வந்துட்டப்போ எனக்கு வாய் தானா தொறந்துக்குது. மூட முடியலை. எப்படிம்மா மூடுறீங்க? எனக்குத் தெரியலை."

முதலில் இருமல் கேட்டது. பிறகு மேடைப் பலகை கிறீச்சிட்டது. மினெகிஷி நின்றிருந்தார்: இளைத்து, கண்ணிமை வரை சாக்பீஸ் தூசி படிந்து, நவம்பர் மாதத்துச் சட்டையோடு. அவர் பேசவில்லை. ஒகினோவின் பக்கம் குனிந்து, நாக்கை நீட்டிக் காட்டினார். நாக்கின் குறுக்கே இரண்டு வரிசைப் பல்தடம் ஆழமாக, பழுத்துக் கறுத்துப் போயிருந்தது.

"ஐயோ டீச்சர்!" என்றார் பெக் அம்மா.

ஒகினோ அந்த நாக்கை நெருங்கிப் பார்த்தார், நல்ல பலகையைப் பார்ப்பது போல. பிறகு ஆழக் குனிந்து வணங்கி, நடந்துபோய்ப் பின்சுவரில் தன் இடத்தில் நின்றுகொண்டார். தில் பகதூர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். அன்று மணி அடிக்கும் வரை மினெகிஷி எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தபடியே நின்றார்.

கலந்துரையாடலில் அவர் தன் குறைகளைச் சொன்னார்: நவம்பர் முதல் ஆசிரியர் கூட்டங்களுக்கு வர முடியாமல் போனது, ஆரஞ்சுக்கு நன்றி சொல்லாதது. பெரிய தாளில் ஒரே ஓர் இளஞ்சிவப்புத் தாள்தான் ஒட்டப்பட்டது. பார்வையாளர் பாடத்தின் நடுவில் பேசியது கடுமையான விதிமீறல் என்று அச்செழுத்தில் எழுதி, கீழே ஒகினோ தன் பெயரையே போட்டிருந்தார். நாற்காலிகளை மடக்கும்போது குசாகா மினெகிஷியிடம் நவம்பர் மாதத்து விஷயத்தைச் சொன்னான். அவருக்கு அது நினைவிலேயே இல்லை. இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டான்.

"எங்க போவேன்? அங்கயேதான். பலகைக்கும் மேசைக்கும் நடுவுல." தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "இடம்தான் பத்தலை. முன்னாடி இங்க சொல்லிக்கொடுத்தவங்க எல்லாம் நிக்கிறாங்கல்ல. ஒரு பெரியவர், யாருன்னே தெரியலை, எந்நேரமும் என் கால்ல மிதிச்சிக்கிட்டே இருந்தார்."

மறுநாள் அவர் தலைமையாசிரியர் முன் உட்கார்ந்து, இருக்கிறேன் என்றார். தேநீர் கொடுத்தார்கள். அன்று மாலையே கேள்வியை எழுதிவிட்டு மறுபடி போனார். மணியை நம்பி இருக்க முடியாது என்பதால், வகுப்பு முடிந்ததும் உண்மையிலேயே தெரியாத ஒன்றைக் கேட்டு அவரை அழைக்க ஆசிரியர்கள் முறை போட்டுக்கொண்டார்கள். முதல் மாதங்களில் பலருக்கும் தடுமாற்றமாக இருந்தது. ஷிமோதா ஒருமுறை அரை மணி நேரம் நின்றும் ஒன்றும் தோன்றாமல், கடைசியில் தன் மகள் தன்னோடு ஏன் பேசுவதில்லை என்று கேட்டுவிட்டார். மினெகிஷி வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பிறகு பழகிப்போயிற்று. இரண்டு வருடங்களில் ஹிதாகா இடுப்பு வரை போய்வந்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, நகல் இயந்திரத்தில் தாள் சிக்கினால் என்ன செய்வது என்று சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுவார்கள். மாணவர்களில் பெக் அம்மா உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். அங்கே ஆசிரியர் ஓயாமல் கண்ணில் படுவது கவனத்தைக் கலைக்கிறது என்று குறைபட்டுக்கொண்டார்.

ஒகினோ ஓய்வு பெறவிருந்த மார்ச்சில் தன் கடைசிப் பார்வைப் பாடத்தை நடத்தினார். அதுநாள் வரை அவர் மணிக்கட்டு வரை மட்டுமே காணாமல் போயிருந்தார். அன்று ஒரே வரியில் கேள்வியை எழுதினார், திரும்பினார், உதடு ஒருமுறை அசைந்தது, அடங்கியது. பிறகு அவர் இல்லை. பின்சுவரில் நின்றவர்கள் விதியை மறக்கவில்லை. மாணவர்கள் பலகையைத் தவறுகளால் நிறைத்தார்கள். மணி அடித்தது. அவர் வரவில்லை. எல்லோரும் மினெகிஷியைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் இருக்கட்டும்" என்றார் மினெகிஷி. "மனுஷன் இப்பதானே போனார்."

நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். ஷிமோதா ஒகினோவின் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். இன்று சாப்பாடு எடுத்துவைக்க வேண்டியதில்லை, அவ்வளவுதானே என்று கேட்டுக்கொண்டார் மனைவி. பிறகு கலந்துரையாடல் குறித்த நேரத்துக்குத் தொடங்கியது.

மார்ச் 9. ஒகினோ சாரை அழைக்கும் முறை நாளை எனக்கு. முதல் பாடவேளைக்கு முன்பே போய் ஹீட்டரைப் போட வேண்டும். கேட்க வேண்டியது: பலகையின் கடைசி வரி வரை எழுத்து கீழே சாயாமல் எழுதுவது எப்படி. எனக்கு உண்மையிலேயே தெரியாது.